திரையில் எல்லாம் பச்சை

அத்தியாயம் பன்னிரண்டு

"இனிமே காலைக் கூட்டத்தை மருமகளே நடத்தட்டும்."

போன வாரம் அப்பா போகிற போக்கில் சொன்ன இந்த ஒரு வரியை, ஏழு நாளாகியும் அவருடைய மகள் பெரியவளால் விழுங்க முடியவில்லை.

பதினாறு வருடமாக அந்தக் கூட்டத்தை நடத்தியவள் அவள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்து மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் சின்னத் தொழிற்சாலை. ஏழு மெஷின், இருபத்திரண்டு பேர். யார் எந்த மெஷினில் நிற்பது, எந்த மூடி எத்தனை பெட்டி போக வேண்டும், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும் காலை எட்டு மணிக்கு அவள் கால் தானாக இங்கேதான் வந்து நிற்கும்.

தம்பி கல்யாணம் செய்துகொண்டு வந்தவளுக்கோ வேலையே வேறு மாதிரி. சிறு தொழிற்சாலைகளுக்குப் போய், பழைய மெஷின்களில் சென்சார் பொருத்தி, உள்ளே நடப்பதைத் திரையில் காட்டிக் கொடுக்கும் ஒரு மையத்தில் அவள் இன்ஜினியர். முப்பது தொழிற்சாலை ஏறி இறங்கியவளுக்கு முப்பத்தொன்றாவதாக வாய்த்தது புகுந்த வீட்டுத் தொழிற்சாலை. மூன்று மாதத்தில் ஏழு மெஷினிலும் தீப்பெட்டி அளவு சென்சார்கள் ஒட்டியாயிற்று. நடுச்சுவரில் பெரிய டிவி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் ஏழு கட்டங்கள். எல்லாம் சரியென்றால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு.

அதுவரை தொழிற்சாலையில் மேடம் என்றால் ஒருத்திதான். இப்போது பெரிய மேடம், சின்ன மேடம் என்று முன்னால் ஒட்டு வந்துவிட்டது.

அன்று காலை சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே பேச்சுதான்.

"இன்னிக்கு மருந்துக் கம்பெனியிலேருந்து ஆளுங்க வராங்களாம். அவளோட டிவியைப் பாக்க. அப்பா புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறாரு. நான் பதினாறு வருஷமா எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து காட்டியிருப்பேன், ஒரு நாள் சட்டை மாத்தியிருப்பாரா?"

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற குணம்.

"அவளைப் பத்திப் பேசாம ஒரு வாய் சாப்பிட முடியுமா உன்னால?"

"நான் எங்க பேசினேன்? சட்டையைப் பத்தித்தானே பேசினேன்."

"சரி, சட்டையைப் பத்தியே பேசு. ஆனா ஒண்ணு. அவ வந்தப்புறம் நீ ராத்திரி வீட்டுக்கு வந்து கால் வலிக்குதுன்னு சொல்றதில்ல. அந்த டிவி வந்ததுலேருந்து உனக்கு நடை பாதியாயிடுச்சு. அதையும் சொல்லணும்ல?"

உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது கூட்டம் முடிகிற நேரம். இருபத்திரண்டு பேரும் அரைவட்டமாக நிற்க, நடுவில் தம்பி மனைவி. குரலை உயர்த்தாமல் பேசினாள். ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அவர்கள் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டாள். பெரியவள் கூட்டம் நடத்தினால் ஐந்து நிமிடத்தில் முடியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்றைக்கு என்னடாவென்றால் ஐந்தாம் மெஷின்காரர்கூட ஏதோ ஜோக் சொல்லுகிறார். அப்பா ஓரத்தில் நின்று சிரிக்கிறார். அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதையே அன்றைக்குத்தான் பெரியவள் கவனித்தாள்.

"வாங்க அண்ணி. உங்களுக்காகத்தான் பாத்துட்டிருந்தேன். வர்றவங்களுக்கு நீங்க மெஷினைக் காட்டுங்க, நான் திரையைக் காட்டறேன். சரியா?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? உன் டிவியைத்தானே பாக்க வராங்க. நீயே காட்டு."

தம்பி மனைவி என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். "பத்து மணிக்கு வராங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலக அறைப் பக்கம் போனாள். அப்பாவும் பின்னாலேயே போனார். மருமகளுக்கு அவரே கதவைத் திறந்துவிட்டார்.

பெரியவளுக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியது போல இருந்தது.

மணி ஒன்பது நாற்பதைத் தாண்டியிருக்கும். மூன்றாம் மெஷினுக்கும் நாலாம் மெஷினுக்கும் நடுவில் இருந்த தூணில் மாட்டியிருந்த, டிவியில் உள்ளதையே காட்டும் டேப்லெட் கிணுகிணுவென்று ஒலித்தது. நாலாம் கட்டம் சிவப்பு. "குளிர்விக்கும் தண்ணீர் குறைகிறது" என்று எழுத்து ஓடியது.

எழுத்தெல்லாம் தமிழில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியவள் தம்பி மனைவிதான். அதன் கீழே ஒரு பொத்தான், "பார்த்தாச்சு". அதை அழுத்தினால் மணி நின்று, கட்டம் இரண்டு மணி நேரத்துக்குப் பச்சையாகிவிடும். அந்தப் பொத்தானே பெரியவளுக்காக வந்ததுதான். "நான் குனிஞ்சு வேலை பாத்துட்டிருக்கேன், அது பாட்டுக்குத் தலைக்கு மேல கத்திட்டே இருக்கு" என்று முதல் மாதம் சண்டை போட்டாள். "நீங்க பாத்துட்டீங்கன்னா போதும் அண்ணி, அதுக்கு மேல மிஷின் கேள்வி கேக்காது" என்று மறுநாளே இந்தப் பொத்தானை வைத்துக் கொடுத்தாள் தம்பி மனைவி.

பெரியவள் நாலாம் மெஷினின் பின்பக்கம் போனாள். தண்ணீர் திரும்பி வரும் குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு. வடிகட்டியில் அழுக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிக் கழுவி மாட்ட பத்து நிமிடம் போதும்.

கை வடிகட்டியின் மூடியில் இருந்தது. திருகினால் போதும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

பத்து மணிக்கு அவர்கள் வருவார்கள். திரையில் எல்லாம் பச்சை. நாலாம் மெஷினிலோ மூடி கோணல்மாணலாக விழுந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் ஒன்றைக் கையில் எடுப்பார்கள். திரையைப் பார்ப்பார்கள். தம்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் பெரியவள் வந்து, குழாயில் கையை வைத்து, இன்னதுதான் கோளாறு என்று சொல்வாள். அப்பா பார்ப்பார்.

இருபது நிமிடம். பத்துப் பதினைந்து மூடி வீணாகும். என்ன கெட்டுவிடப் போகிறது?

தூணுக்குத் திரும்பி வந்தாள். "பார்த்தாச்சு" பொத்தானை அழுத்தினாள். மணி நின்றது. கட்டம் பச்சையானது.

ஆனால் வருகிறவர்கள் பத்து மணிக்கு வரவில்லை. வழியில் வண்டி நெரிசலாம். அழைத்து வரப் போயிருந்த தம்பி போனில் சொன்னான். பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று.

நாலாம் மெஷினில் நிற்பவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது, வாய் மூடாது. மெஷின் கதவு ஒருமுறை திறந்து மூடுவதற்குள் ஒரு குடும்பக் கதையைச் சொல்லி முடித்துவிடுவாள். அந்தப் பக்கமாகப் போன பெரியவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"பெரிய மேடம், இன்னிக்கு மூடி ரொம்ப சூடா வருது. ரெண்டு மூணு உள்ளயே ஒட்டிக்கிச்சு. நிறுத்திடவா?"

அது ஒரு வாய்ப்பு. அப்போதுகூட ஒன்றும் கெட்டுப் போகவில்லை. பெரியவள் திரையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"பரவாயில்ல ரேடியோக்கா. ஓட்டுங்க. வர்றவங்க பாக்கறப்போ மிஷின் நிக்கக் கூடாது."

"நீங்க சொன்னா சரிதான்" என்று ரேடியோ கதவை இழுத்து மூடினாள். மூடிவிட்டு, தன் சின்ன மருமகள் மாமியாரை மதிக்காத கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பதினொன்று பத்துக்குத்தான் கார் வந்தது.

மருந்துக் கம்பெனியின் தர அதிகாரி ஒரு பெண்மணி. நரைத்த கிராப்பு, சிரிக்காத முகம். கைப்பையில் நாலைந்து காலி பாட்டில்களைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கூட ஓர் உதவியாளர். தம்பி முன்னால் ஓடி ஓடிக் கதவு திறந்தான். அப்பா கைகூப்பினார்.

"இவங்கதான் என் மருமக. இதெல்லாம் இவங்க கைவண்ணம்." சொல்லிவிட்டு, நினைவு வந்தவர் போலத் திரும்பி, "அது என் பொண்ணு. மிஷின் பக்கத்தைப் பாத்துக்கறா" என்றார்.

மருமகள் 'இவங்க'. மகள் 'அது'. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். ஒன்றரை மணி நேரமாக உள்ளே புரண்டுகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் குற்ற உணர்ச்சியும் அந்த ஒரு சொல்லில் ஆவியாகிப் போயிற்று.

தம்பி மனைவி திரையின் கீழ் நின்று விளக்கினாள். எந்தச் சென்சார் எதை அளக்கிறது, முன்பு மாதத்துக்கு எத்தனை தரம் மெஷின் நின்றது, இப்போது எத்தனை. சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, பழைய மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை என்றாள். தர அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். தெரியாத ஒன்றுக்குத் தெரியாது என்றாள். அந்தத் 'தெரியாது' தர அதிகாரிக்குப் பிடித்துப் போயிற்று என்பது அவர் தலையசைத்த விதத்திலேயே தெரிந்தது.

"ஆக, இப்ப ஏழும் நல்லா ஓடுது."

"ஆமா மேடம். ஏழும் பச்சை."

தர அதிகாரி மெஷின் வரிசைப் பக்கம் நடந்தார். முதல் மெஷின், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதின் தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்து, பையிலிருந்த பாட்டிலில் வைத்துத் திருகினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. வேறொன்றை எடுத்தார். அது ஏறவே இல்லை. மூன்றாவதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி டிவியைப் பார்த்தார். நாலாம் கட்டம் பசும்புல்லாகப் பளபளத்தது.

"இது பச்சையா?"

தம்பி மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. திரையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அப்பாவின் கூப்பிய கை இன்னும் பாதிக் கூப்பலிலேயே இருந்தது.

பெரியவள் காத்திருந்த நிமிடம் அதுதான். மெஷினின் பின்பக்கம் போனாள். குழாயில் கையை வைத்தாள், சுட்டது, எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி போகல. வடிகட்டி அடைச்சிருக்கு. அச்சு சூடாகி மூடி கோணுது. கழுவி மாட்டினா சரியாயிடும்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தர அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அப்பாவின் முகத்தில், பல வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெதுவாக மலர ஆரம்பித்தது. உச்சி குளிர்ந்தது பெரியவளுக்கு. தம்பி மனைவி தலைகுனிந்து நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதையும் ஆற அமரப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் ரேடியோ அலறினாள்.

பெரிய மனிதர்கள் பார்க்கும்போது தன் மெஷின் நிற்கக் கூடாதென்று அவளுக்கு ஆசை. ஒட்டிக்கொண்ட மூடி ஒன்றைப் பிடுங்க, கதவைத் திறந்து அச்சுக்குள் கையை விட்டிருக்கிறாள். தினம் நூறு தரம் செய்கிற காரியம்தான். ஆனால் ஒருநாளும் அச்சு இப்படிக் கொதித்ததில்லை. உருகிய பிளாஸ்டிக் இரண்டு விரலிலும் உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டது.

முதலில் ஓடியது தம்பி மனைவி. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்து மெஷினை நிறுத்தினாள். ரேடியோவின் தோளைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய், கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தாள். "பிய்க்காதீங்க, பிய்க்காதீங்க. தண்ணி விழட்டும். நான் இருக்கேன்." கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புடவை முழங்கால்வரை நனைந்தது.

பெரியவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. குழாயில் சுட்ட உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ரேடியோவைத் தெருமுனை கிளினிக்குக்கு ஐந்தாம் மெஷின்காரர் அழைத்துப் போனார். தர அதிகாரி கிளம்பும்போது பெரியவள் முன்னால் நின்றார்.

"தொட்டுப் பாத்தே கண்டுபிடிச்சீங்க. நல்ல விஷயம்தான். ஆனா உங்க கை ஒரே நேரத்துல ஏழு மிஷின்லயும் இருக்காதே. அந்தத் திரை ஏன் பச்சையா இருந்ததுன்னு நாளைக்குள்ள எனக்கு எழுத்துல வேணும். அதுக்கப்புறம்தான் ஆர்டர் பேச்செல்லாம்."

தம்பி அவர்களைக் கொண்டுவிடக் காரை எடுத்தான்.

அலுவலக அறையில் மூன்று பேர். அப்பா நாற்காலியில். தம்பி மனைவி கணினி முன்னால், ஈரப் புடவையோடு. பெரியவள் கதவோரம்.

"என்னாச்சு உன் சென்சாருக்கு?" அப்பாவின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது.

"பாக்கறேன் மாமா. எல்லாம் பதிவாகியிருக்கும்."

பதிவாகியிருக்கும் என்பது பெரியவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் வரிசைகள் ஏறின. தம்பி மனைவியின் விரல் ஓரிடத்தில் நின்றது. அப்பா எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"ஒன்பது நாப்பத்தொண்ணு, தண்ணீர் குறைவு. ஒன்பது நாப்பத்திரண்டு, பார்த்தாச்சு, மேற்பார்வை டேப்லெட்." நிமிர்ந்தார். "அப்ப சென்சார் சரியாத்தான் சொல்லியிருக்கு. யாரோ அமுக்கியிருக்காங்க."

"அந்த டேப்லெட் நாலாம் மிஷின் பக்கத்துல தானே தொங்குது? ரேடியோதான் அமுக்கியிருப்பா. மணி அடிச்சா அவ கதைக்கு இடைஞ்சல்ல? இத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு வந்தவங்க முன்னாடி மானமே போச்சு. கை ஆறினதும் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

தம்பி மனைவி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பெரியவளின் கண்ணை ஒரு கணம், ஒரே ஒரு கணம் சந்தித்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோ அந்த டேப்லெட்டை ஒருநாளும் தொட்டதில்லை, அதைக் கண்டாலே அவளுக்குப் பயம் என்பது இருவருக்கும் தெரியும்.

"மாமா, ரேடியோக்கா இல்ல. நான்தான்."

"நீயா?"

"காலையில சோதனை பண்ணிப் பாத்தேன். அமுக்கிட்டுத் திரும்ப எடுத்துவிட மறந்துட்டேன். என் தப்பு. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடறேன்."

பெரியவளுக்கு அந்த நிமிடம் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். தப்பித்தோம் என்று மூச்சு விட்டிருக்கலாம். வந்தது வேறு. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த அதே அடுப்புதான், இப்போது தலைவரை ஏறிற்று. இதிலேயும் அவள்தானா? தப்பைக்கூட அவளே முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டுமா? நாளைக்கு இது தெரிந்தால், நாத்தனாரைக் காப்பாற்றிய மகராசி என்று அதற்கும் சேர்த்து அப்பா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாரே.

"பொய் சொல்றா" என்றாள் பெரியவள்.

இருவரும் திரும்பினார்கள்.

"அவ ஒண்ணும் அமுக்கல. நான்தான் அமுக்குனேன். வடிகட்டி அடைச்சிருக்குன்னு தொட்டுப் பாத்துட்டு, தெரிஞ்சேதான் அமுக்குனேன். மூடி சூடா வருதுன்னு ரேடியோ வந்து சொன்னா. ஓட்டுன்னு சொன்னதும் நான்தான்."

"எதுக்கும்மா?" அப்பாவுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நீங்க அவளை இவங்கன்னு சொல்வீங்க. என்னை அதுன்னு சொல்வீங்க. அதுக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகு, எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்கே கேட்டது.

அப்பா கத்தியிருந்தால் பெரியவளுக்கு எளிதாக இருந்திருக்கும். பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள்.

"மொதல்ல போய் அவகிட்ட சொல்லு. கை வெந்தது அவளுக்கு" என்றார். "என்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்."

கிளினிக்கில் ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் தலையணை மாதிரிக் கட்டு. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பெரியவளைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எதுக்கு மேடம் வந்தீங்க? அவங்கல்லாம் போயிட்டாங்களா? என்னால காரியம் கெட்டுப் போச்சோன்னு உக்காந்து அழுதுட்டிருந்தேன். கதவைத் திறந்து கையை விட்டிருக்கக் கூடாது. ஒட்டினதை எடுக்கற பித்தளைக் குச்சி பக்கத்துலயே இருந்துச்சு, அதை எடுக்கத் தோணல பாருங்க."

"ரேடியோக்கா, கொஞ்சம் நான் பேசறேன்."

பேசினாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தானை அழுத்தியது, வடிகட்டியைத் திருகாமல் விட்டது, ஓட்டச் சொன்னது.

"அவளை மட்டம் தட்டணும்னுதான் செஞ்சேன்."

ரேடியோ கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதையே பார்த்தாள்.

"அது உங்க வீட்டு விஷயம்" என்றாள். "நடுவுல நான் எதுக்கு மேடம்?"

பெரியவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சூடா வருதுன்னு வந்து சொன்னேனே. நீங்க பக்கத்துலயே நின்னீங்க. நீங்க நிக்கறீங்கங்கிற தைரியத்துலதான் உள்ள கையை விட்டேன்."

"தப்புதான் ரேடியோக்கா."

"போங்க மேடம். எனக்கு இப்பப் பேச முடியல."

பதினாறு வருடத்தில் ரேடியோ பேச முடியவில்லை என்று சொல்லிப் பெரியவள் கேட்டதே இல்லை. வெளியே வந்தாள். படியருகே சுவரில் சாய்ந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நிமிர்ந்தபோது எதிரே தம்பி மனைவி. புடவை பாதி காய்ந்திருந்தது. கையில் ரேடியோவுக்கான மருந்துப் பொட்டலம்.

"இங்கயும் வந்துட்டியா?" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லவளா இருக்கறதுக்கு உனக்கு ஓய்வே கிடையாதா?"

"மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க அண்ணி."

"எதுக்கு அப்பாகிட்ட பொய் சொன்னே? என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா?"

"உங்களைக் காப்பாத்தறதுக்குச் சொல்லல." பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "போறவ தலைமேல போட்டா, போறவளோடயே போயிடும்னு நெனச்சேன். நீங்க இங்கயே இருக்கறவங்க."

"போறவளா? எங்க போற?"

"மையத்துல என்னை வேற ஊருக்கு மாத்தறாங்க. இந்த மாதிரிச் சின்னத் தொழிற்சாலைங்க நூத்துக்கணக்குல இருக்கற இடம். அங்க எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. ரெண்டு வருஷம். வரேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அதனாலதான் இந்தத் திரையை உங்க கையில விட்டுட்டுப் போகணும்னு பாத்தேன். காலையில நீங்க மிஷினைக் காட்டுங்கன்னு கெஞ்சினது அதுக்குத்தான். நீங்க பிடி கொடுக்கல."

"எப்பக் கிளம்பணும்?"

"இன்னும் அஞ்சு வாரம்."

"தம்பி என்ன சொல்றான்?"

தம்பி மனைவி தெருவைப் பார்த்தாள்.

"அவனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் போய்விட வேண்டும் என்று மூன்று மாதமாக எத்தனை நாள் மனசுக்குள் கும்பிட்டிருப்பாள். இதோ, கேட்டது கிடைக்கிறது. சந்தோஷம் வருமென்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரு கையெழுத்தில் கிளம்பிப் போக முடிகிறதே இவளால் என்றுதான் இருந்தது. தொழிற்சாலைக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவிலேயே தன் பதினாறு வருடமும் கரைந்து போனது அப்போதுதான் உறைத்தது. பொறாமைக்கு வெட்கமே கிடையாது. அழுத கண் காயும் முன்பே அது புதிதாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

தெரு திரும்பி ஒரு கார் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. தம்பி. கண்ணாடியை இறக்கி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தொழிற்சாலைக்குள் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது.

"ரேடியோக்கா எப்படி இருக்காங்க? அந்த அதிகாரியம்மா வழியெல்லாம் உன்னைப் பத்தித்தான்க்கா பேசிட்டு வந்தாங்க. நாளைக்கு ரிப்போர்ட் மட்டும் சரியாப் போயிட்டா பயமில்ல. ஆமா, என்ன ரெண்டு பேர் முகமும் இப்படி இருக்கு? என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவன் மனைவி. பெரியவளின் முழங்கையை, அவன் கண்ணுக்குப் படாமல், இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

பெரியவள் அந்தப் பிடியை மெதுவாக விலக்கினாள். காரைச் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்தாள்.

"நீ மருந்தைக் கொடுத்துட்டு ரேடியோவோட இரு. நடந்தே வந்துக்க" என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வண்டியை எடுடா. நேரா வீட்டுக்குப் போகாத, கொஞ்சம் சுத்திப் போ. உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு என்னோடது."